குடை மடக்கும் சந்தை: ஒரு சிற்றுருக் காட்சியை அமைக்கும் வகை

மேசையின்மேல் வட்டமாக இட்ட பாதையிலே சிறிய புகையிரதம் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடுவதைக் கண்டு களியாத சிறுவர் அரியர். அவர்தம் தந்தையரும் அக்களிப்பிலே பின்நின்றவர் அல்லர். ஆயினும் அவ்வண்டிக்குப் புறப்படுவதற்கு ஓர் ஊரில்லை. சென்று சேர்வதற்கும் ஓர் ஊரில்லை. அதற்கு ஒரு தெருவையும், அத்தெருவிலே வாழும் மாந்தரையும் அமைத்துக் கொடுப்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

இத்தகைய சிற்றுருக் காட்சியை மேனாட்டார் டயோராமா என்பர். அச்சொல் முதலிலே சுட்டியது வேறொன்றை. 1822ஆம் ஆண்டிலே பரிஸ் நகரில் டகேர் என்பாரும் பூத்தோன் என்பாரும் ஓர் அரங்கத்தைத் திறந்தனர். பெருந்துணியிலே இருபுறமும் எழுதப்பட்ட ஓவியத்தின்மேல் விழும் ஒளியை மாற்றி மாற்றி, பகல் இரவாவதையும் வெறுங்கோயிலிலே மக்கள் நிறைவதையும் அவையோருக்குக் காட்டினர். பின்னாளிலே ஒளிப்பட முறையொன்றுக்குத் தம் பெயரை ஈந்த டகேரே அவர். அவருடைய காட்சியிலே காலம் நகர்ந்தது. நாம் அமைக்கும் காட்சியிலோ எல்லாம் அசையாது நிற்கும். அசையாத ஒன்றிலே காலத்தை எவ்வாறு காட்டுவது என்னும் வினாவே இக்கலையின் பெரிய வினா என்பது என் கருத்து. அதற்கு விடை தேடத் தக்க ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம்.

தாய்லாந்திலே பாங்கொக்கிற்குத் தென்மேற்கே, மேக்லோங் ஆறு கடலொடு கலக்கும் இடத்தருகே, சமுத் சொங்கிராம் என்றொரு பட்டினம் உண்டு. பெயரைச் சற்று ஊன்றிக் கேட்டால் சமுத்திரமும் சங்கிராமமும் அதனுள்ளே ஒலிப்பதை உணர்வீர்கள். பாங்கொக்கின் வொங்வியன் யாய் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டி, 31 கிலோமீற்றர் சென்று மகாச்சையிலே நின்றுவிடும். அங்கே தா சின் ஆறு குறுக்கிடுகின்றது, பாலம் இல்லை. பயணிகள் தோணித்துறையிலே ஆற்றைக் கடந்து, அக்கரையிலுள்ள பான் லேமில் வேறொரு வண்டி ஏறி, மேலும் 33 கிலோமீற்றர் போதல் வேண்டும். 1905 அளவிலே திறக்கப்பட்ட இச்சிறு பாதை, தன் இறுதி நிலையத்தை அடையுமுன் ஒரு சந்தையின் ஊடே நுழைகின்றது. நுழைகின்றது என்பதினும் சந்தையே பாதையின்மேல் அமர்ந்திருக்கின்றது எனல் பொருந்தும். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட நிலமே வாங்குவோர்க்கு நடைபாதை. இருமருங்கும் மீனும் காய்கறியும் கனியும் பரப்பப்பட்டிருக்கும்; மேலே துணிப்பந்தல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தண்டவாளத்தையே மூடியிருக்கும். நாளொன்றுக்கு எட்டு முறையளவிலே வண்டி வரும் அல்லது போகும். ஒலிபெருக்கியிலே அறிவித்தல் கேட்டதும், வணிகர் பந்தற் கோல்களைப் பின்னிழுப்பர். சில்லுப் பூட்டிய மேசைகளை உள்ளே தள்ளுவர். தாழ்ந்த தட்டுகளைத் தொடவும் மாட்டார். வண்டியின் படி அத்தட்டுகளின் மேலாகக் கடந்து செல்லும். வண்டி அகன்ற மறுநொடி பந்தல்கள் மீண்டும் தாழும். இதனாலேயே அவ்வூரார் இதனைத் தலாத் ரொம் ஹுப், அஃதாவது குடை மடக்கும் சந்தை என்கின்றனர்.

இதனை மேசைமேல் அமைப்பதற்கு முதலிலே அளவுத்திட்டத்தைத் துணிதல் வேண்டும். தாய்லாந்தின் பாதை மீற்றர்ப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் 1000 மில்லிமீற்றர். உலகெங்கும் பெருவழக்கிலுள்ள எச்.ஓ. அளவு எண்பத்தேழில் ஒன்று. வகுத்துப் பார்த்தால் பதினொன்றரை மில்லிமீற்றர் வரும். சுவிற்சலாந்து நாட்டின் மலைப்பாதைகளைப் படைப்போருக்காக 12 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம் கடைகளில் விற்கப்படுகின்றது. அரை மில்லிமீற்றர் வேறுபாட்டைக் கண் அறியாது. ஆகவே ஆல்ப்ஸ் மலைக்கென்று செய்த பாதை தாய்லாந்தின் மீன்கடைக்கும் பொருந்துகின்றது. (நம் நாட்டுப் பாதையைப் படைக்க விழைவோர்க்கு இவ்வசதி இல்லை. 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை நம்முடையது, எச்.ஓ. அளவிலே அதற்கு 19 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். நூற்றில் ஒன்று என்னும் அளவைக் கொண்டால் கடையிலே கிடைக்கும் பதினாறரை மில்லிமீற்றர்ப் பாதை ஏறத்தாழச் சரியாக அமையும். ஆயின், மனித உருவங்களையும் அவ்வளவிற்கே தேட நேரும்.)

இனி, சில கணக்குகள். மேக்லோங்கில் ஓடும் டீசல் வண்டியின் அகலம் ஏறத்தாழ 2.8 மீற்றர், நம் அளவிலே 32 மில்லிமீற்றர். ஒரு பெட்டியின் நீளம் 20 மீற்றர்; நம் அளவிலே 23 சென்ரிமீற்றர். வணிகப் பெண் ஒருத்தியின் உயரம் 18 மில்லிமீற்றர். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உடைய ஒரு பலகை 52 மீற்றர் நீளச் சந்தையைத் தாங்கும். வண்டிக்கும் பண்டத்துக்கும் இடையே 10 சென்ரிமீற்றர் வெளி இருப்பின், அது நம் பலகையிலே ஒரு மில்லிமீற்றரும் சற்று மிகையும் ஆகும். இக்காட்சியின் உயிர் அந்த ஒரு மில்லிமீற்றரிலேதான் இருக்கின்றது. அதனை மூன்று மில்லிமீற்றராக விட்டுவிட்டால் எந்நாட்டிலும் காணப்படும் ஒரு கடைத்தெருவாகிவிடும்.

ஆதலின் கட்டடங்களிலிருந்து தொடங்காதீர்கள். தடித்த அட்டையிலே வண்டியின் குறுக்குவெட்டு வடிவத்தை வெட்டிக்கொள்ளுங்கள்: 32 மில்லிமீற்றர் அகலம், ஏறத்தாழ 43 மில்லிமீற்றர் உயரம், அடியிலே சில்லும் படியும் உள்ள பகுதியையும் அவற்றின் வடிவுக்கேற்பக் கழித்து வெட்டுதல் வேண்டும். அதனை ஒரு சில்லடிச் சட்டத்திலே நிறுத்திப் பாதையின்மேல் தள்ளிக்கொண்டே செல்க. அட்டை எதனைத் தீண்டாது செல்கின்றதோ அதுவே நிற்கத் தக்கது. தீண்டுவது பின்வாங்கத் தக்கது. மேக்லோங்கின் வணிகர் தம் தட்டின் உயரத்தையும் மேசையின் விளிம்பையும் தீர்மானித்த முறையும் இதுவே. அவர்களுக்கு அட்டைக்குப் பதில் வண்டியே அளவுகோலாயிற்று.

யான் முதன்முறை இதற்கு மாறாகச் செய்தேன். பந்தல்கள் எல்லாவற்றையும் அழகாக ஒட்டி முடித்து, பசை உலர்ந்தபின் வண்டியை விட்டேன். மூன்று பந்தல்களும், இரு வாரம் வருந்திச் செய்த ஒரு மீன்மேசையும் வண்டியோடு போயின. அன்றே அட்டையை வெட்டினேன்.

வளைவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். இடமில்லாமையால் பாதையைச் சிறிது வளைத்துவிடலாமே எனத் தோன்றும். பெட்டியோ நேரானது, அதன் இரு சில்லுத் தொகுதிகளும் வளைவின்மேல் நிற்க, நடுப்பகுதி உட்பக்கம் பிதுங்கும், நுனிகள் வெளிப்பக்கம் பிதுங்கும். உண்மைப் பாதையிலே 200 மீற்றர் ஆரையுள்ள வளைவில், சில்லுத் தொகுதிகளுக்கு இடையே 14 மீற்றர் உள்ள பெட்டி, நடுவிலே 12 சென்ரிமீற்றர் அளவே உட்சாயும். விளையாட்டுப் புகையிரதத்தோடு வரும் 38 சென்ரிமீற்றர் ஆரை வளைவிலோ அப்பெட்டியின் மாதிரி 8 மில்லிமீற்றருக்கு மேல் சாயும். அஃதாவது உண்மையளவில் முக்கால் மீற்றர்! அங்கே எந்த வணிகரும் உட்கார முடியாது. பாதையை நேராகவே இடுக. அன்றேல் கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாததுமான ஒரு மென்வளைவு போதும். தண்டவாளத்தின் உயரமும் கவனிக்கத் தக்கது. உண்மைத் தண்டவாளம் 13 சென்ரிமீற்றர் அளவினதாயின் நமக்கு ஒன்றரை மில்லிமீற்றர் வேண்டும். பொதுவாக விற்கப்படுவன 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை. தட்டுகள் தண்டவாளத்தோடு ஒட்டிக் கிடக்கும் இச்சந்தையிலே அவை மதில்போல் உயர்ந்து தோன்றும். 1.4 மில்லிமீற்றர் உயரமுடைய மெல்லிய தண்டவாளத்தைத் தேடிப் பெறுதல் நன்று.

அடிப்பலகை, கடைகளின் பின்சுவர், தகரக்கூரை முதலியன பற்றி விரிக்க வேண்டுவதில்லை. ஒட்டுப்பலகையும், ரெஜிபோம் என நாம் வழங்கும் வெண்ணுரைத் தட்டும், அட்டையும் போதும். பந்தல்களின் பின்னே அவை பெரும்பாலும் மறைந்துவிடும்.

பண்டங்களுக்கு வருவோம். இங்கே நம் அடுக்களையே பெருங் களஞ்சியம். கடுகு ஒன்றின் விட்டம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. எண்பத்தேழால் பெருக்குக: 13 சென்ரிமீற்றர். அப்பகுதி பெயர்பெற்ற பம்பளிமாசுப் பழம் அதுவே. இளம்பச்சை நிறம் தீட்டினாற் போதும். கசகசா தோடம்பழமாகும். இரவை தேசிக்காயாகும். வெந்தயக் கீரையின் உலர்ந்த தூள் கீரைக்கட்டுகளாகும். ஆனால் நம் காலநிலையிலே ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: தானியங்களை ஒட்டியபின் மேலே வாணிசு பூசாவிடின் எறும்புகள் வந்து சேரும். ஒருநாட் காலையிலே என் தேசிக்காய்க் குவியல் முழுவதும் சந்தையை விட்டு அணிவகுத்துச் செல்வதைக் கண்டேன்.

மீன் தனிக்கவனம் வேண்டுவது. மேக்லோங்கின் புகழுக்குக் காரணமான மீன் பிளா தூ எனப்படுவது. நம்மவர் கும்பளா என வழங்கும் மீனுக்கு இனமானது. அதனை அவித்து, சிறிய வட்டமான மூங்கிற் கூடைகளிலே இரண்டு மூன்றாக அடுக்கி விற்பர். கூடையிலே அடங்கும்படி மீனின் தலையைக் கீழ்நோக்கி வளைத்து வைப்பது அவ்வூர் வழக்கம். முகம் கோணி, கழுத்து முறிந்தது என்று அதனை வேடிக்கையாகக் குறிப்பிடுவர். கூடை நம் அளவிலே 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. பருமனான ஊசிக்குழலின் வாயைக் கூராக்கி, பழுப்புத் தாளிலே குத்தினால் வட்டங்கள் கிடைக்கும். அவற்றின்மேல் வெள்ளி நிறத்திலே இரு கீற்றுகள், அவற்றின் முதுகிலே நீலப்பச்சையில் மயிரிழை போன்ற ஒரு கோடு; அவ்வளவே. வளைந்த கழுத்தை எவ்வாறு காட்டுவது என்பீர்கள். கீற்றை நேராக இழுக்காமல் ஒரு நுனியிலே சற்று மடக்கினாற் போதும். காண்போர் நூற்றுவரில் ஒருவரும் இதனைக் கவனியார். மேக்லோங்கிற் பிறந்த ஒருவர் பார்த்தால் கவனிப்பார், அவர்பொருட்டே செய்கின்றோம்.

பந்தல்தான் கடினம். உண்மைத் துணியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரும் இல்லை; அதனை எண்பத்தேழாற் சுருக்கினால் அத்துணை மெல்லிய தாள் எளிதிற் கிடையாது. சிகரெட்டுச் சுருட்டும் தாள் 0.03 மில்லிமீற்றர் அளவு. நம் அளவிலே அதுவும் தடித்த கித்தான்தான், எனினும் கண் ஏற்றுக்கொள்ளும். நீர்த்த பசையிலே தோய்த்து, ஈரமாக இருக்கும்போதே தொய்வையும் மடிப்பையும் ஊசிமுனையால் உண்டாக்குதல் வேண்டும். கோல்களுக்கு 0.3 மில்லிமீற்றர்ப் பித்தளைக் கம்பி. நிறம் தீட்டும்போது கை தயங்கட்டும்: வெயிலும் மழையும் தின்ற துணியிலே புதுநிறம் எதுவும் இராது. நனைந்து உலர்ந்த கறை விளிம்பிலே கருமையாகவும் நடுவிலே வெளிறியும் நிற்கும். இளைஞர் பலர் சிவப்பையும் நீலத்தையும் வாரி இறைத்து ஆசியச் சந்தை என்று பெயரிடுகின்றனர். அது திருவிழாக் கடை. நாள்தோறும் நிகழும் சந்தை அன்று.

இப்போது பெரிய வினாவுக்கு வருகின்றோம். எந்தக் கணத்தைக் காட்டுவது? வண்டி வருமுன் உள்ள சந்தையைக் காட்டினால், பந்தல்கள் தண்டவாளத்தை மறைக்கும். காண்பவர் இஃது ஒரு சந்தை என்று கூறிப் போய்விடுவார். வண்டி நடுவே நிற்கும் கணத்தைக் காட்டினால், மடங்கிய பந்தல்களும் ஒரு வண்டியும் மட்டுமே புலப்படும். ஒளிப்படக்காரர் அனைவரும் எடுக்கும் படம் அதுவே. யான் துணிந்த கணம் வேறு. வண்டியின் வாற்பகுதி பலகையின் ஒரு கோடியிலே, 25 சென்ரிமீற்றர் இடத்தை நிரப்பி நிற்கட்டும். எஞ்சிய 35 சென்ரிமீற்றர் அது கடந்துசென்ற தெரு. உண்மையளவிலே 30 மீற்றர். வண்டி மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்திலே போகின்றது எனக் கொண்டால், அத்தூரத்தைக் கடக்க ஒன்பது நொடி செல்லும். ஆகவே வண்டியின் வாலருகே உள்ள பந்தல் இன்னும் மடங்கியே இருக்கும். அடுத்தது கையிலே கோலோடு பாதி தாழ்ந்திருக்கும். அதற்கடுத்த கடையிலே மேசை பாதியளவு வெளிவந்திருக்கும். மறுகோடியிலோ ஒருத்தி மீனை நிறுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வண்டி என ஒன்று வந்ததே நினைவில் இராது. கண்ணை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டுவோர் ஒன்பது நொடிகளைக் கடந்து செல்வர். டகேர் ஒளியைக் கொண்டு செய்ததை, இங்கே நீளத்தைக் கொண்டு செய்கின்றோம்.

இக்கணத்தைத் தெரிந்தமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. வண்டியின் முன்புறத்தைக் காட்டுவோர், தம்மை அறியாமலே மக்களை அஞ்சி ஓடுவோராக நிறுத்துகின்றனர். கைகளை உயர்த்திய உருவங்களும் சிதறிய கூடைகளும் கொண்ட காட்சிகளை யான் கண்டதுண்டு. அது பொய். நாளொன்றுக்கு எட்டு முறை செய்யும் வேலையிலே அச்சம் எங்ஙனம் இருக்கும்? வாயிலே பேச்சு நிற்காது, கை மட்டும் கோலை இழுக்கும். அந்தக் கையின் பழக்கத்தைக் காட்டாத காட்சி, அம்மக்களைக் கோமாளிகளாக்கிவிடுகின்றது.

உருவங்களைப் பெறுதலிலும் ஓர் இடர்ப்பாடு. இவ்வளவிலே கிடைப்பவற்றுட் சிறந்தவை ஜேர்மனியிலிருந்து வரும் பிரைசர் உருவங்கள். அவற்றுட் பல குளிர்காலச் சட்டையும் தொப்பியும் அணிந்து, பெட்டியைத் தாங்கி நிற்கும் ஐரோப்பியர். கூரிய கத்தியாலே சட்டையின் கீழ்ப்பகுதியைச் சீவி, தொப்பியை நீக்கி, ஏப்பிரனும் அகன்ற ஓலைத்தொப்பியும் மெழுகுப் பசையாற் சேர்த்தல் வேண்டும். புகையிரத இருக்கையில் அமர்வதற்கென வார்த்த உருவங்களின் முழங்காலை அறுத்து மடக்கி ஒட்டினால், தாழ்ந்த முக்காலியில் இருக்கும் வணிகர் கிடைப்பர்.

சுற்றுலாப் பயணிகளைச் சேர்ப்பதா? இன்று மேக்லோங் செல்வோர், வண்டி வரும் வேளையிலே வணிகரினும் பயணிகளே மிக்கிருப்பதைக் காண்பர். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்த கைகள் வண்டியையே மறைக்கும். அவர்களை விலக்கிவிட்டால் காட்சி அழகுறும். ஆனால் அது இல்லாத ஒரு காலத்தின் காட்சியாகிவிடும். நிறைத்துவிட்டாலோ, மீன் விற்பவள் மறைந்துபோவாள். வியட்நாமின் ஹனோய் நகரிலே வீடுகளுக்கு நடுவே செல்லும் பாதையொன்றில் இச்சிக்கல் முற்றி, 2019 ஒக்டோபரிலே பாதையோரத் தேநீர்க்கடைகளை மூடுமாறு நகர ஆட்சியினர் பணித்தனர். 2022இலும் தடை மீண்டது. தெருவிலே வாழ்வோருக்கு வந்த இழப்பு சிறிதன்று. யான் என் பலகையிலே நான்கு பயணிகளை நிறுத்தினேன். மூவர் அகன்று செல்லும் வண்டியை நோக்கி நிற்கின்றனர். நான்காமவர் திரும்பி நின்று பம்பளிமாசுக்கு விலை கேட்கின்றார். வணிகப் பெண் அவருக்கு விடை கூறாமல் முதலிலே பந்தலைத் தாழ்த்துகின்றாள்.

ஒளியைப் பற்றிச் சில சொற்கள். மேலே தெருவிளக்குப் போல் ஒன்றை மாட்டிவிடாதீர்கள். பந்தல் திறந்த இடத்திலே வெயில் நேரே விழ, மூடிய இடத்திலே துணியூடே கசிந்த மங்கல் ஒளி பரவுதல் வேண்டும். தாள் மெல்லியதாயின் இது தானே நிகழும். கடைகளுக்குள் தொங்கும் விளக்குகளுக்கு 1.6 மில்லிமீற்றர் நீளமுள்ள சிறு ஒளியுமிழ் இருவாயிகள் உண்டு. உண்மையளவிலே 14 சென்ரிமீற்றர், ஒரு மின்குமிழுக்கு ஏற்றது. அவற்றுக்கு வேண்டிய தடையைச் சேர்க்காமல் மின்கலத்தோடு இணைத்தால் நொடியிலே கருகிவிடும்.

முடிந்த காட்சியை மேசைமேல் வைத்தால், பருந்து பார்ப்பதுபோல் பந்தல்களின் முதுகையே காண்பீர்கள். அங்கு நிற்பவர் ஒருவரின் கண் நிலத்திலிருந்து 17 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கின்றது. ஆகவே பலகையை நிலத்திலிருந்து 140 சென்ரிமீற்றர் அளவிலே சுவரிற் பொருத்துக. சிறுவர் பார்ப்பதற்கு ஒரு முக்காலி அருகிலே இருக்கட்டும். முன்னே கண்ணாடி இடுதல் இன்றியமையாதது. கண்ணாடிக்கு வெளியே கையெட்டும் இடத்திலே அந்தக் குறுக்குவெட்டு அட்டையைத் தொங்கவிட்டிருக்கின்றேன். ஆண்டுக்கொருமுறை தூசு துடைக்கும்போது எந்தப் பந்தலாவது தொய்ந்து முன்வந்திருக்கின்றதா என்று பாதையின்மேல் அதனை ஒருமுறை தள்ளிப் பார்ப்பது வழக்கம்.